நாற்பதாம் நாள் தண்ணீர்

கருப்பையை எடுத்த நாற்பதாம் நாள் குணவதியின் தலையில் ஊற்றிய தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்காமல் காய்ந்துபோனது. பீடோங் ஊரை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பதாம் நாள் தலைக்கு ஊற்றிப் பத்தியத்தை முடிப்பார்கள். புற்றுநோய் அறுவைக்கென்று தனி வழக்கம் இல்லாததால், பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் இருந்த வழக்கத்தையே கையாண்டார். ஊற்றிய தண்ணீர் சாக்கடையைத் தொட்டால்தான் பத்தியம் முடியும். பதினான்கு வாளி ஊற்றியும் தரை நனையவில்லை. "இன்னும் முடியல போல. உன் வீட்டுக்காரரு ஹால்லயே படுக்கட்டும்லா," என்று சொல்லி அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

செம்பனைக் குலை லாரி ஓட்டும் பரஞ்சோதி ஹாலில் பாயை விரித்தார். மாதம் ஒரு முறை பிச்சையம்மாள் வந்து ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் இடுப்பிலேயே நின்றது. இதற்குள் வறட்சி குணவதியின் கைகளுக்கும் பரவியது. அவள் விரல் பட்டால் மங்குக் கோப்பையில் இருந்த ரப்பர் பால் அங்கேயே கட்டியானதால், ஆட்களை மேற்பார்க்கும் தண்டல் அவளைப் பாலுக்கு மரம் வெட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார். மழைக்காலத்தில் பள்ளிச் சீருடைகளை அவளிடம் கொண்டுவந்தார்கள். "டிரையர் எதுக்கு, அதான் அக்கா இருக்காங்களே," என்று சிரித்தார்கள். பெண்டாங்கிலிருந்து ஒருவர் நனைந்த நெல்லை வேனில் ஏற்றிவந்தார். அவள் மூட்டைகள்மேல் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள். எழுந்தபோது நெல் காய்ந்திருந்தது. வேறு என்ன காய்ந்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் வருடத்தில் ஒரே ஒரு முறை பரஞ்சோதி உள்ளே வந்தார். கிழிவதுபோல் வலித்தது. அவள் தலையணையைக் கடித்ததைப் பார்த்து எழுந்து போய்விட்டார். பத்தியம் முடியுமுன் தொட்டதற்கான தண்டனை என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்தார்கள். அதன்பின் அவர் தேநீர்க் குவளையைக்கூட அவள் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். அவள் அழுதாள். கண்ணீர் இமையிலேயே உப்பானது. மூன்றாம் வருடம் மெர்போக்கில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விடுவதென்று துணிகளைப் பையில் அடுக்கி வைத்தாள்.

போவதற்கு முன் ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. வழக்கமாக மொழிபெயர்க்க மகன் கூட வருவான். அவன் முன்னால் அவள் எதையும் கேட்டதில்லை. அன்று அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நோய் மறுபடி வரவில்லை என்று எழுதிவிட்டு மருத்துவர் வெளியே போனார். அறையில் தமிழ் பேசும் தாதி ஷம்சியா மட்டும் இருந்தாள். குணவதி தரையைப் பார்த்தபடி அந்த வலியைப் பற்றிச் சொன்னாள்.

"ஏன்க்கா இத்தனை நாள் கேக்கல?"

"யார்கிட்டம்மா கேக்குறது?"

"காயம் எப்பவோ ஆறிடுச்சுக்கா. ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இப்படிக் காஞ்சு போகும். யாரோ உங்ககிட்ட சொல்லியிருக்கணும்." ஷம்சியா ஒரு ஜெல் குழாயைக் கொடுத்து, எப்படிப் பயன்படுத்துவதென்று மெதுவாக விளக்கினாள்.

பரஞ்சோதி லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போனாள். "தண்ணி சாக்கடைக்குப் போகாதுங்க. இனிமேலும் போகாது. காயம் ஆறி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சாம்."

அவர் தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றார். "நான்தான் கிழிச்சிட்டேன்னு நெனச்சேன்."

"நான் வேண்டாம்னு போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"இப்ப தொட்டா வலிக்குமா?"

"வலிக்கலாம். நிறுத்துங்கன்னா நிறுத்தணும்."

அன்று பாய் உள்ளே வந்தது. அவள் மேல் தண்ணீர் ஒரு நொடியில் காயும். ஜெல் பதினொரு நிமிடம் தாங்கியது. பல நாள் அது போதவில்லை. அந்த நாட்களில் அவள் நிறுத்தச் சொன்னாள், அவர் நிறுத்தினார், ஆனால் எழுந்து போகவில்லை. பையில் அடுக்கிய துணிகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பின. காலையில் முகம் கழுவியதும் பரஞ்சோதி ஈரம் சொட்ட வந்து அவள் தோளில் முகத்தை வைப்பார். அந்த வீட்டில் அதன்பின் யாரும் துண்டு வாங்கவில்லை.