மியெசா தோட்டத்து நிழல்

கொக்கோக் காய்களுக்குக் கருநோய் வந்த ஆண்டின் கடைசி வியாழக்கிழமை, அமோயாக்ரோம் கிராமத்தில் மியெசாவின் தோட்டத்தில் நின்ற ஒடூம் மரம் விழுந்தது. அதன் நிழல் மட்டும் அங்கேயே நின்றது. மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனவர்கள் ஓடைப்பக்கம் சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தார்கள். மரம் நின்ற இடத்திலேயே, கிளை கிளையாக, விளிம்பு கலையாமல் விரிந்து கிடந்த நிழலையும் பார்த்தார்கள். வெயில் ஏற ஏற அது மேற்கிலிருந்து உள்வாங்கி, உச்சிப்பொழுதில் காலடிக்கு வந்து, பிறகு கிழக்கே நீண்டது. நேற்றுவரை எப்படி நகர்ந்ததோ அப்படியே நகர்ந்தது. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். கிடந்த மரத்தை ஊரார் ஒரு மாதத்தில் துண்டு போட்டுக் கரியாக்கினார்கள். நிழலை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டார்கள்.

மரத்தைக் கொன்றது மியெசாதான். அந்தப் பக்கத்தில் அப்போது எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நிலம் குடியானவனுடையது, அதில் தானாக முளைத்து நிற்கும் பெருமரம் அரசாங்கத்தினுடையது. ஒருநாள் மர ஒப்பந்தக்காரரின் ஆட்கள் காகிதத்தோடு வருவார்கள், அறுப்பார்கள், மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பக்கத்துத் தோட்டத்துப் போசுவாவின் நூற்று நாற்பது கொக்கோ மரங்கள் ஒரே பிற்பகலில் அப்படி நசுங்கின. ஈடாக அவளுக்கு ஒரு புது வெட்டுக்கத்தி கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு, ஒப்பந்தக்காரர் வருவதற்குள் மரத்தைச் சாகடித்துவிடுவது வழக்கமாயிற்று. அடியில் சுற்றிலும் பட்டையை உரிப்பார்கள். தனக்குத் தோதான பக்கமாக வேரடியில் தீ வைத்துக் காத்திருப்பார்கள். விழுந்த மரங்களின் நிழல்கள் எல்லாம் அன்றைக்கே மரத்தோடு போய்விட்டன, இது ஒன்றைத் தவிர.

மியெசா செய்த தவறு நாள் பார்த்ததில் இருந்தது. வியாழன் மண்ணுக்கு உரிய நாள். அன்று யாரும் தோட்டத்துக்குப் போகமாட்டார்கள், மண்ணில் இரும்பு படக்கூடாது. யாரும் இருக்கமாட்டார்கள் என்பதற்காகவே அவன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான். ஒடூம் மரத்தின் அடியில் முட்டை உடைத்து, மது ஊற்றி, இன்ன காரணத்துக்காக உன்னை வெட்டுகிறேன் என்று சொல்லி விடைபெற வேண்டும், அதையும் செய்யவில்லை. சொன்னால் சத்தம் கேட்கும் என்று பயந்தான். ஊர்த் தலைவர் முன் நிறுத்தி விசாரித்தபோது, காற்றில் விழுந்தது என்றான்.

"காத்துக்கு யாரும் வியாழக்கிழமை லீவுன்னு சொல்லலையாக்கும்?" என்றாள் போசுவா. கூட்டம் சிரித்தது.

"புகை வந்துச்சேப்பா, அதுக்கு என்ன சொல்ற?" என்று தலைவரின் சார்பில் பேசும் பேச்சாளர் கேட்டார்.

"புகை வந்துச்சு, ஐயா. அது எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

புகைக்காக ஓர் ஆடு அபராதம் போட்டுக் கலைந்தார்கள். நிழலைப் பற்றி வழக்கில் யாரும் பேசவில்லை. அதற்கு முன்னுதாரணம் இல்லை.

அடுத்த ஞாயிறு, தேவாலயம் விட்டு வெளியே வந்த நேரத்தில்தான் போசுவா அதைக் கவனித்தாள். பிள்ளைகள் வெயிலில் ஒருவர் நிழலை ஒருவர் மிதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மியெசாவின் நான்கு வயது மகளை யாராலும் மிதிக்க முடியவில்லை.

"ஏ அஃபிபா, உம் பொண்ணு நிழலை எங்கடி வெச்சிட்டு வந்தா?" என்று போசுவா மியெசாவின் மனைவியிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் குழந்தை முழங்கால் மடங்கி உட்கார்ந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. மியெசா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் குறுக்கு வழியாகத் தோட்டத்தின் நடுவே ஓடினான். நிழலின் விளிம்பைத் தாண்டி நான்கு எட்டு வைத்திருப்பான். குழந்தை கண்ணைத் திறந்து, சுட்ட வாழைக்காய் வேண்டும் என்றாள்.

அவளுக்கு அசாசேயசா என்று பெயர். மண் தீர்ந்துவிட்டது, புதைக்க இனி இடமில்லை என்று பொருள். மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த வீட்டில் நான்காவதுக்குச் சாவே கூச்சப்படும்படி ஒரு பெயரை வைப்பார்கள். அசா என்று கூப்பிட்டார்கள். பெயர் வைத்ததோடு அஃபிபா நிற்கவில்லை என்பதை மியெசா அன்று மாலைதான் தெரிந்துகொண்டான். அவள் கண்ணை ஏறெடுக்காமல் சொன்னாள்: அசாவைச் சுமப்பதற்கு முன் ஒரு விடியற்காலையில் அந்த ஒடூம் மரத்தடிக்கு வெள்ளைக் களிமண்ணும் முட்டையும் கொண்டுபோனாள், எனக்கொரு பிள்ளை கொடு, நீ நிற்கிறவரை உன் நிழல் அதன்மேல் நிற்கட்டும் என்று கேட்டாள். அவன் தேவாலயத்துப் பாடகன் என்பதால் அவனிடம் சொல்லவில்லை.

"காத்துல விழுற மரமா அது?" என்றாள் கடைசியில். கேள்வி போலத்தான் இருந்தது.

மியெசா பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது ஒரு கணம் இருந்தது, அது போயிற்று. பிறகு ஒன்பது ஆண்டுகள் அவன் அந்தக் கணத்தையே சுற்றிச் சுற்றி வந்தான். அதிகம் பேசாதவன் என்று ஏற்கெனவே பெயர் எடுத்திருந்ததால், இந்த மௌனம் அந்த மௌனத்திலிருந்து வேறுபட்டது என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டைப் பிரித்து, மரம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டார்கள். அசாவின் நாள் நிழலோடு நகர்ந்தது. காலையில் அது மேற்கே போசுவாவின் மரவள்ளிக் கொல்லைவரை போகும். அசா அங்கே போய்க் கிழங்கு பிடுங்க உதவுவாள். உச்சியில் வாசலைவிட்டு அசையமாட்டாள். மூன்று மணிக்குமேல் நிழல் கிழக்கே நீண்டு சாலையைத் தாண்டிப் பள்ளியின் கடைசி ஜன்னலைத் தொடும். ஆசிரியர் அவள் பெஞ்சை அந்த ஜன்னலோரம் போட்டு, கணக்குப் பாடத்தைக் கடைசி மணிக்கு மாற்றினார். மழைக்காலத்தில் வானமே ஒரே நிழல். ஜூனில் மேகம் மூடிய நாட்களில் அவள் டானோ ஆற்றுவரை ஓடிவிட்டு வருவாள். டிசம்பரில் ஹர்மட்டான் காற்று புழுதியைக் கொண்டுவந்து சூரியனை மங்கலாக்கினால் நிழலும் வெளுக்கும். அந்த வாரங்களில் அவள் பாயைவிட்டு எழமாட்டாள். மியெசா பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் கிளைகளின் கோடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த ஆண்டுகளில்தான் ஆற்றுக்கு அப்பால் இருந்த பெருங்காடு போனது. முதலில் லாரிகள் வந்தன, பிறகு கரிக்காரர்கள், பிறகு கொக்கோ நட வந்த வெளியூரார். இருவாட்சிகள் ஊருக்கு மேலே பறப்பது நின்றது. அவற்றின் இறக்கைச் சத்தத்தை வைத்துப் பொழுது சொன்னவர்கள் கைக்கடிகாரம் வாங்கினார்கள். இருவாட்சி கடைசியாகப் பறந்த வாரமே மியெசா தோட்டத்து நிழலில், கிளையின் நிழல்மேல், பெரிய அலகுள்ள ஒரு பறவையின் நிழல் வந்து உட்கார்ந்தது. மேலே எதுவும் இல்லை. மறுநாள் இன்னொன்று வந்தது. சிவப்புக் குரங்குகளின் கூச்சல் அடங்கிய ஆண்டில் நீண்ட வால்களின் நிழல்கள் கிளைகளிலிருந்து தொங்கின. சாம்பல் கிளிகள் கூட்டமாக வந்தன. எறும்புதின்னும் அழுங்கு தனியாக வந்து, அடிமரத்தின் நிழலில் ஏறி, சுருண்டுகொண்டது. அந்திப்பொழுதில் பழந்தின்னி வௌவால்கள் வந்து நிழல்மேல் நிழலாக அப்பின. ஒரு காலை யானை ஒன்றும் வந்திருந்தது. அதற்கு இடமில்லாமல், காது மட்டும் விளிம்புக்கு வெளியே வெயிலில் அசைந்துகொண்டிருந்தது. ஒன்றும் சத்தம் போடவில்லை. அவ்வளவு கூட்டத்தில் ஒரு சருகுகூட நொறுங்கவில்லை.

நிழல் ஆண்டுக்காண்டு கறுத்தது. போசுவா அதற்குள் கால் வைப்பதை நிறுத்தினாள். முழங்காலுக்குக் கீழே குளிர்கிறது என்றாள். வனத்துறையிலிருந்து ஒருவர் புத்தகத்தோடு வந்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, முப்பத்தொரு வகை என்று எழுதினார். 'எந்தக் காடு?' என்ற கட்டத்தில் என்ன நிரப்புவது என்று தெரியாமல் தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அசா மட்டும் அவற்றின் நடுவே சாதாரணமாக நடந்தாள். அவள் வரும்போது அவை ஒதுங்கி இடம் விட்டன. பெரும்பாலும் அவற்றைப் பார்ப்பதைவிடச் சாலையில் போகும் வண்டிகளையே அதிகம் பார்த்தாள்.

"அப்பா, என்ச்சி டவுன் எவ்ளோ தூரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"நிழலைத் தாண்டியா?"

"ஆமாம்மா."

"நீ போயிருக்கியா?"

"போயிருக்கேன்."

"என்ன இருக்கு அங்க?"

"ஒண்ணும் இல்ல," என்றான். அவள் நம்பவில்லை என்பது தெரிந்தது. மேலே கேட்காமல் விட்டதுதான் அவனுக்கு உறைத்தது.

அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது, மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில், ஒப்பந்தக்காரரின் மேலாள் காகிதத்தோடு வந்தார். பழைய கணக்கெடுப்பில் அந்த ஒடூம் மரத்துக்கு ஓர் எண் இருந்தது. கூட வந்த ரம்பக்காரன் செனியோ, வோல்டா ஆற்றுப் பக்கத்து ஆள். நிழலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"மரம் எங்க?" என்றார் மேலாள்.

"விழுந்துடுச்சு. ஒம்பது வருஷமாச்சு."

"விழுந்த மரத்துக்கு நிழல் எப்படிய்யா இருக்கும்? யாரை ஏமாத்துற? செனியோ, ஆரம்பி."

"எதை சார் அறுக்கிறது?"

"நிழல் இருக்கில்ல? அது எங்கருந்து கிளம்புதோ அங்க வை."

செனியோ சங்கிலி ரம்பத்தை உயிர்ப்பித்து, அடிமரத்தின் நிழல் தொடங்கும் இடத்தில் காற்றில் நீட்டினான். சங்கிலியின் சத்தம் கனத்தது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து செம்பழுப்புத் தூள் அவன் பூட்ஸ்மேல் கொட்டியது. பறவை நிழல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. வாசலில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த அசா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

அஃபிபா அலறினாள். மியெசா ஓடிப்போய் ரம்பத்துக்கும் அந்தக் காற்றுக்கும் நடுவில் நின்றான். ஒன்பது ஆண்டுகளாக வாயில் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"காத்து இல்ல! நான்தான் கொன்னேன். வியாழக்கிழமை. நான்தான் நெருப்பு வெச்சேன்."

செனியோ ரம்பத்தை அணைத்தான். "முட்டை வெச்சியா, அண்ணே?"

"இல்ல."

"மது ஊத்துனியா?"

"இல்லப்பா."

"சொல்லிட்டாவது செஞ்சியா?"

மியெசா இல்லையென்று தலையை ஆட்டினான். செனியோ மேலாளைப் பார்த்து, "சார், சொல்லாம வெட்டுன மரத்தை நான் ரெண்டாந்தரம் வெட்டமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க," என்று சொல்லி ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டான். மேலாள் திட்டினார். செனியோ அவரிடமே தீப்பெட்டி வாங்கிச் சிகரெட் பற்றவைத்துக்கொண்டான்.

தலைவரின் பேச்சாளர் வந்தார். போசுவா தன் கோழி அன்று காலை இட்ட முட்டையைக் கொண்டுவந்தாள். பேச்சாளர் மதுவை ஊற்றி, மண்ணின் பெயரைச் சொல்லி, மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, "இனி நீதான் பேசணும்," என்று மியெசாவை முன்னால் தள்ளினார்.

மியெசா அடிமரத்து நிழலருகே மண்டியிட்டான். பிறகு, மனைவிக்குக் கேட்கும்படி, ஆனால் அவளைப் பார்க்காமல் சொன்னான்: "ஒப்பந்தக்காரன் வந்தா கொக்கோ நசுங்கும்னு பயந்தேன். எம் பொண்ணுக்குன்னு இருக்கிறது அந்தக் கொக்கோ ஒண்ணுதான்னு நினைச்சேன். நீ இவளுக்கு யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் செஞ்சிருக்க மாட்டேனான்னா, அதுவும் தெரியல. நடந்தது இது. இப்ப சொல்றேன்."

முட்டையை உடைத்தான். மண் அதை உடனே குடித்தது. எழும்பிய பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கிளைகளில் அமர்ந்தன. வாசலில் அசா எழுந்து உட்கார்ந்து, கண் எரிகிறது என்றாள். மிளகாய்க் கையோடு கண்ணைத் தொட்டிருந்தாள். கழுவுவதற்காக ஓடைப்பக்கம், நிழலுக்கு வெளியே, பழக்கமில்லாத திசையில் நடந்தாள். அஃபிபா தடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். நிழல் அசாவோடு போனது. கிளை, பறவை, வால், வௌவால் எல்லாமாக அது கொக்கோ மரங்களின்மேல் ஏறி இறங்கி, அவள் பின்னால் நகர்ந்தது. மேலாள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் அந்த எண்ணுக்கு நேரே 'மரம் இடத்தில் இல்லை' என்று எழுதினார்.

எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டுவிட்டதால், மரத்தைக் கொன்றதற்காக மியெசா நான்கு மாதம் சிறையில் இருந்தான். திரும்பி வந்தபோது நிழல் அசாவோடு வெளியே போயிருந்தது, தோட்டத்தில் முழு வெயில் அடித்தது. அஃபிபா அவனுக்கு நத்தைக் குழம்பு வைத்தாள்; சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். களை எடுக்கும்போது முளைத்து நிற்கும் ஒடூம் கன்றுகளை மற்றவர்களைப் போல அவனும் வழக்கமாகச் சீவிவிடுவான். அந்தப் பருவம் ஒன்றைச் சீவாமல் விட்டான். அதற்கு இன்னும் நிழல் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

அசா இப்போது என்ச்சிச் சந்தையில் துணி தைக்கிறாள். அவள் கடை இருக்கும் வரிசையில் உச்சிவெயிலிலும் இருட்டாக இருக்கும். தக்காளிக்காரிகள் அவளுக்குப் பக்கத்து இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள், பிறகு குளிர்கிறது என்று சால்வை போர்த்திக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை, புதன் மாலை, ஊருக்கு வண்டி ஏறுவாள். வண்டி போகும் வழியெல்லாம் சாலை கறுத்து, யானையின் காது ஓரத்து வீடுகளைத் தடவிக்கொண்டு போகும், குழந்தைகள் கையசைப்பார்கள். நடத்துநர் ஓர் ஆளுக்குத்தான் கட்டணம் வாங்குகிறான். வியாழக்கிழமை யாரும் தோட்டத்துக்குப் போவதில்லை. அன்று அவள் வீட்டு வாசலில் மிளகாய் அரைப்பாள், நிழல் தன் பழைய இடத்தில் நிற்கும், மியெசா அதன் விளிம்பில் கட்டையைப் போட்டு உட்கார்ந்திருப்பான். பொழுது நகர்ந்து யானை அவன் பக்கம் வரும்போது, கட்டையை ஓரடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வான்.