டிரெய்லருக்கு ஒரு எல் போர்டு

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கிய சிவப்புத் துணியில் இரண்டு 'எல்' வெட்டினேன். வெள்ளைத் துணியில் வைத்து, சுற்றி ஒரு தையல் போட்டேன். நாலு மூலைக்கும் நாடா வைத்தேன். பத்தொன்பது வருஷமாகத் தூத்துக்குடி துறைமுகத்துக்கு நாற்பதடி கண்டெய்னர் இழுத்துக்கொண்டு போன மனுஷனை, இவர் இப்போதுதான் ஓட்டப் பழகுகிறார் என்று ஊருக்குச் சொல்லும் எழுத்து. மனுஷன் பெயர் அருள்செல்வன், என் வீட்டுக்காரர். அவரை அந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியவள் அவர் பெண்டாட்டி ஜெயபாரதி, அதாவது நான்.

அவருடைய பழைய லைசென்ஸ் சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். முதல் பக்கத்தில் லாரி ஓட்டலாம் என்று ஒரு முத்திரை. அடுத்த பக்கத்தில் டிரெய்லர் இழுக்கலாம் என்று இன்னொரு முத்திரை. இரண்டு வருஷத்துக்கு முன் அதைக் கார்டாக மாற்ற வேண்டி வந்தது. புரோக்கரிடம் கொடுத்துவிடலாம் என்றார். பிளஸ் டூ படித்தவள் வீட்டில் இருக்கும்போது புரோக்கர் எதற்கு என்று வாயை விட்டேன். கம்பெனியில் டீ இடைவேளையில் போனில் விண்ணப்பத்தைத் திறந்து, வண்டி வகைகளில் 'ஹெவி' என்று இருந்த கட்டத்தில் டிக் அடித்தேன். ஹெவி என்றால் எல்லாம் அதில் அடக்கம் என்று நினைப்பு. விரலை இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கீழே டிரெய்லருக்குத் தனிக் கட்டம் இருந்திருக்கும். வேலைக்கு மணி அடித்தது, அப்படியே அனுப்பிவிட்டேன். புத்தகத்தை ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒப்படைக்கும் முன் ஜெராக்ஸ் எடுத்தேன், அதுவும் முதல் பக்கம் மட்டும். எத்தனை கெட்டிக்காரி பாருங்கள்!

இரண்டு வருஷம் அதை யாரும் கவனிக்கவில்லை, அவரும் கார்டைப் பர்சிலேயே வைத்திருந்தார். இரண்டு மாதம் முன்பு, லோடு ஏற்றப் போன ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி வாசலில் லைசென்ஸ் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்கள். "இதுல டிரெய்லர் ஏறலீங்களே அண்ணா" என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள். அன்று சீட்டை விட்டு இறங்கியவர்தான். நாலு முறை ஆபீசுக்கு நடந்தோம். நீங்கள் எழுதிக் கொடுத்ததுதானே கார்டில் வந்திருக்கிறது என்றார்கள். பழைய புத்தகம் எந்த மூட்டையில் கிடக்கிறதோ என்று கையை விரித்தார்கள். புதிதாக எல்.எல்.ஆர். போட்டு, முப்பது நாள் கழித்து டெஸ்ட் கொடுத்து வாங்குவது ஒன்றுதான் வழி என்று ஆயிற்று.

லாரி முதலாளி கிட்டுசாமி நல்லவர். நாலு டிரெய்லரும், பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் இரண்டு பஸ்ஸும் வைத்திருக்கிறார். இவருடைய வண்டியை இன்னொருத்தர் கையில் கொடுக்காமல் ஷெட்டில் நிறுத்திவிட்டு, அதுவரை பஸ்ஸை ஓட்டச் சொன்னார். அந்த பஸ்ஸில்தான் நானும் வேலைக்குப் போகிறேன். "ஜெயபாரதிக்கென்ன, ஊட்டுக்காரரே டிரைவரு" என்று பின்சீட்டில் சிரிப்பார்கள். அவர் கண்ணாடியில்கூட என்னைப் பார்க்க மாட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஷெட்டுக்குப் போய், ஓடாத வண்டியைத் துடைத்து, என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டு வருவார்.

போன திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"அருளு, தப்பா நெனச்சுக்காத சாமி. வெள்ளிக்கெழமைக்குள்ள நீ டெஸ்டுல பாஸாயிட்டீன்னா வண்டி உன்னுது. இல்லீன்னா சனிக்கெழம நாமக்கல்லுல இருந்து ஒரு டிரைவர் வர்றான். நானும் எத்தன நாளைக்கு வண்டிய நிறுத்தி வெக்கறது?"

"சரீங்க" என்றார் இவர்.

வியாழக்கிழமை டெஸ்ட். டிரைவிங் ஸ்கூல்காரர்களிடம் டிரெய்லர் கிடையாது, நாமேதான் கொண்டுபோக வேண்டும். எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இவரே ஓட்டிப் போகலாம், ஆனால் வழியில் ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று முதலாளி பயந்தார். அதனால் இன்னொரு டிரைவர் குகன் ஓட்டினான். தன்னுடைய வண்டியில், கிளீனர் உட்காரும் இடப்பக்கத்து சீட்டில் இவர் ஏறி உட்கார்ந்ததைப் பார்க்க முடியாமல் நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். மைதானத்தில் இறங்கியதும் வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எல் துணிகளைக் கட்டினேன். காற்றில் அவிழ்ந்துவிடக் கூடாதென்று இரட்டை முடிச்சாகவே போட்டேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சின்ன வயசு. மரியாதையாகத்தான் பேசினார்.

"சீட் பெல்ட் போட்டுக்கங்க. ரிவர்ஸ் எடுத்து, பின்னாடி அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கொண்டுபோய் நிறுத்தணும். கண்ணாடிய மட்டும் பாக்கணும், தலைய வெளிய நீட்டக் கூடாது." அப்புறம் என்னையும் குகனையும் திரும்பிப் பார்த்தார். "கீழ நிக்கறவங்க யாரும் சத்தம் குடுக்கக் கூடாதுங்க. குடுத்தா டெஸ்ட் அதோட முடிஞ்சுது."

இவர் ரிவர்ஸ் எடுக்கும் விதமே வேறு. பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே இருக்கும். பின்னாலிருந்து கிளீனர் குரல் கொடுக்கக் கொடுக்க, இரண்டு ஆள் ஒதுங்க முடியாத சந்தில்கூட நாற்பதடியைக் கொண்டுபோய்ச் சொருகிவிடுவார். கல்யாணமான புதிதில் கிளீனர் சொல்லாமல் ஓடிப்போக, ஆறு மாதம் நான்தான் கூடப் போய்க் குரல் கொடுத்தேன். வரலாம், வரலாம், இன்னும் வரலாம், ஹோல்டான்! என் குரலுக்கு அவர் கால் தன்னால் பிரேக்கை மிதிக்கும்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி நேராக முன்னால் போய், நின்று, பின்னால் வர ஆரம்பித்தது. முதலில் அழகாகத்தான் வந்தது. பாதி தூரத்தில் டிரெய்லரின் வால் இடது பக்கம் சாய்ந்தது. நான் நின்றதும் அந்தப் பக்கம்தான். கம்பத்துக்கு மூன்றடி இருந்தது. இரண்டடி ஆனது.

"பாத்துக்குவாருங்க அக்கா" என்று குகன் முணுமுணுத்தான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கத்தினாலும் போச்சு, கத்தாவிட்டாலும் போச்சு. அந்த ஒரு டிக்குக்காகக் கடவுள் என்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான் என்று தோன்றியது. ஓரடி. வண்டி நிற்கிற மாதிரி தெரியவில்லை.

"ஹோல்டான்!"

கத்தியது நான்தான். வண்டி சடக்கென்று நின்றது. கம்பம் அசையவில்லை. மைதானத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து இடைவெளியைக் குனிந்து பார்த்தார். ஒரு சாண் இருந்தது.

"நல்லாத்தாம்மா நின்னிருக்கு. ஆனா நிறுத்துனது அவரா, நீங்களா? நான் என்னன்னு எழுதறது?"

"சார், என்னைய என்ன வேண்ணாலும் சொல்லுங்க சார். அவருக்கு இன்னொரு தடவை குடுங்க சார்" என்று அத்தனை பேர் முன்னால் கும்பிட்டேன். இன்ஸ்பெக்டருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும், முகத்தைப் பார்க்காமல் பேப்பரில் ஃபெயில் என்று எழுதினார். ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி வர முடியும் என்றார். வெள்ளிக்கிழமை என்பது நாளைக்கு.

இவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மெதுவாக இறங்கினார். நேராகக் கம்பத்திடம் போய், இடைவெளியில் கையை விரித்து வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம் வந்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கண்ணாடியில கம்பமும் தெரிஞ்சுது, நீயும் தெரிஞ்ச பாரதி. நீ கத்தறதுக்கு முன்னாலயே என்ற காலு பிரேக்குலதான் இருந்துச்சு."

"ஏனுங்க…" என்று அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

"செரி உடு. அந்த எல்லக் கழட்டிரு. சனிக்கெழம வர்றவனுக்கு அது வேண்டீதில்ல."

சொல்லிவிட்டு, இடப்பக்கத்துக் கதவைத் திறந்து கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். இரட்டை முடிச்சு, நகத்துக்கு வரவே இல்லை. குகன் என்ஜினை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் காத்திருந்தான். நான் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.