பேஸ்டியின் மூலையில் ஓர் எழுத்து

கல்யாணமான நாளிலிருந்து ஓலவி என் கை பேஸ்டியைத்தான் சாப்பிட்டு வந்தான். கெட்டி மாவுக்குள் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் வைத்து மடித்துச் சுடுவது. எங்கள் தாமிரச் சுரங்க ஊர்களில் எல்லா வீட்டிலும் உண்டு. நான் கூடவே கேரட்டும் போடுவேன். ஃபின்லாந்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்து வழக்கம் அது. எங்களைப் போலவே சுரங்க வேலைக்குக் கடல் கடந்து வந்த கார்ன்வால்காரர்கள் கேரட்டுக்குப் பதில் ரூட்டபாகா என்ற மஞ்சள் கிழங்கைப் போடுவார்கள். இதற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன.

சுரங்கத்தை மூடிய வருடம் ஓலவிக்கு ஒரு யோசனை வந்தது. ஏரி உறைந்ததும் ஆண்கள் அதன்மேல் மரக்குடில்களை இழுத்துப் போய், பனிக்கட்டியில் துளையிட்டு, பொழுது சாயும்வரை மீனுக்குக் காத்திருப்பார்கள். பசித்தாலும் துளையை விட்டு எழுந்து வரமாட்டார்கள்.

"ஆளுக்கொரு கொடி குடுத்துடுவோம் ஐலி. பசிச்சா கூரைமேல தூக்கட்டும். நான் பனிவண்டியில சூடா கொண்டுபோய் நீட்டுவேன்."

"சரி. எப்ப சுட ஆரம்பிக்கணும்?" என்றேன்.

அவன் மூக்கைச் சொறிந்தான். "சுடறது மெல்வா. பள்ளிக்கூடத்துச் சமையலறைப் பெரிய அடுப்பை அவதான் வாங்கி வெச்சிருக்கா."

"என்கிட்ட கை இருக்கே."

"வாங்குறவங்க ரூட்டபாகா போட்டதுதான் கேப்பாங்க. அதுதானே ருசி?"

அதுதானே ருசி. இத்தனை வருடம் என் கேரட்டை வாய் திறக்காமல் தின்றவன்.

மெல்வா புருஷனை விட்டுவிட்டு வந்தவள். சுரங்கத்துக் கார்ன்வால்காரரின் மகள். மாவைக் கையில் எடுத்தாலே பாட்டு வந்துவிடும் அவளுக்கு. எனக்கு மாவு பிசையும்போது பாட்டு வராது.

தொடங்கிய அன்று மானம் போயிற்று. தூரத்திலிருந்து தெரியட்டும் என்று ஓலவி கொடிகளுக்கு ஆரஞ்சு நிறத் துணி வாங்கியிருந்தான். ஏரியில் தூண்டிலில் மீன் சிக்கினால் துள்ளி நிமிர்வதும் ஆரஞ்சுக் கொடிதான். அதைக் கண்டால் யோசிக்காமல் ஓடுவது எங்கள் ஆண்களின் ரத்தத்தில் ஊறியது. ரெய்னோ கிழவன் பசித்துக் கொடியைத் தூக்கியதும், எத்தனை பெரிய மீனோ என்று ஏரி முழுக்க அவன் குடிலை நோக்கி ஓடியது.

"எங்கடா மீனு?"

"மீனு இல்லடா, சோத்துக்குத் தூக்கினேன்!"

"டேய் ஓலவி, உன் பேஸ்டி என்ன தூண்டில் புழுவையா முழுங்கிச்சு?"

தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தான். என் சமையலறையின் பச்சைத் திரையைக் கழற்றி, வெட்டி, உட்கார்ந்து கொடிகளாகத் தைத்தேன். "நீ இல்லாட்டி இந்த வியாபாரமே இல்ல ஐலி" என்று என் தலையில் முத்தமிட்டான். மறுநாள் திரும்பி வந்து, "மெல்வாவுக்குப் பச்சை ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றான். திரையில்லாத ஜன்னலை அந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் மாலை அவன் மதியம் தின்ற பேஸ்டியில் பாதியை மீதி வைத்துக் கொண்டுவந்தான். மூலையில், மாவில், கத்தி நுனியால் வட்டமாகக் கீறிய ஆங்கில எழுத்து. ஓ.

அப்பா சுரங்கத்துக்குப் போன காலத்தில் அம்மா அவர் பேஸ்டியில் அவர் பெயரின் முதல் எழுத்தைக் கீறி அனுப்புவாள். பாதி தின்று இருட்டில் வைத்தாலும் தனது எது என்று தெரியவேண்டும். நானும் ஓலவிக்கு அப்படியே கீறினேன். அந்த எழுத்தைப் போடுவது வீட்டுக்காரி.

"யார் போட்டது இது?"

"மெல்வாதான். எல்லாருக்கும் போடறா. ஒருத்தனுக்கு வெங்காயம் ஆகாது, ஒருத்தனுக்கு மிளகு தூக்கலா வேணும், தினம் மாத்திக் குடுத்துத் திட்டு வாங்கினேன். உங்கம்மா போடற எழுத்தைப் பத்திச் சொன்னேன், டக்குனு புடிச்சுக்கிட்டா."

"மாறிப்போகக் கூடாதுன்னு அவங்களுக்குப் போடறா. வண்டி ஓட்டறவன் நீ. உன்னோடது எப்படி மாறும்?"

அவன் குனிந்து பூட்ஸ் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். அது அவிழ நெடுநேரம் ஆனது.

வியாபாரத்தை நிலைநிறுத்தியதே அந்த எழுத்துதான். தன் பெயர் போட்ட பேஸ்டி என்றால் ஆண்கள் குழந்தையாகிவிடுகிறார்கள். பெண்டாட்டியை இழந்த ரெய்னோ எழுத்துள்ள மூலையைத் தின்னாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வானாம். ஊரே மெல்வாவின் கையைப் புகழ்ந்தது. நான் வீட்டில் பேஸ்டி சுடுவதை நிறுத்தினேன். ஓலவி ஏன் என்று கேட்கவில்லை.

சில குளிர்காலங்கள் இப்படிப் போயின. பிறகு ஓர் இலையுதிர் காலத்தில், விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடரியை மெல்லச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். எழவில்லை. அடக்கத்தின்போது மெல்வா என்னைவிடச் சத்தமாக அழுதாள். அதையும் கவனித்தேன்.

ஏரி உறைந்ததும் கதவைத் தட்டினாள். "வண்டி ஓட்ட ஆளில்ல ஐலி. நீ வர்றியா?"

போனேன். அவன் உண்டாக்கியது முழுதும் அவள் கையில் இருக்கக் கூடாது என்று போனேன்.

முதல் நாள் காலை, தட்டுகளை வண்டியில் ஏற்றும்போது பார்த்தேன். ஓரத்தில் ஒன்றில், ஓ. அந்த எழுத்தில் பெயர் தொடங்குபவர் ஏரியில் இப்போது எவரும் இல்லை.

"இது யாருக்கு?"

மெல்வாவின் கழுத்து சிவந்தது. "கைப்பழக்கம். தினமும் அந்த எழுத்தை முதல்ல கீறிட்டுத்தான் மத்ததத் தொடங்குவேன். அது இல்லாம இன்னிக்குக் கை ஓடல."

"உன் கைக்கு எதுக்கு அந்தப் பழக்கம்?"

அவள் துணியை எடுத்து, சுத்தமாயிருந்த மேசையைத் துடைத்தாள்.

அதை யாருக்கும் கொடுக்கவில்லை. நடு ஏரியில் வண்டியை நிறுத்தி நானே தின்றேன். நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. கிழங்கின் இனிப்பு இறைச்சிக்குள் இறங்கி, என் கேரட்டால் ஒருநாளும் முடியாத ருசி. அவன் சொன்னது உண்மை.

மறுநாள் விடிவதற்கு முன்பே போய் நின்றேன். அவள் முதல் பேஸ்டியை மடித்து வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

"அதை நான் போடறேன்."

என்னையே பார்த்தாள். பிறகு கத்தியைத் திருப்பி, பிடியை என் பக்கம் நீட்டினாள். நான் கீறினேன்.

"வட்டம் கோணலா இருக்கு" என்றாள்.

"அவனுக்கு அதுதான் பழக்கம்" என்றேன்.