தைலம்மாள் கை

எங்கள் ஊர் டேங்கில் தண்ணீர் ஏற்றுவதும், தெருவிளக்கைச் சாயங்காலம் போட்டு விடிந்ததும் அணைப்பதும் என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. டீக்கடையில் நான் ஒன்று சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள், அதற்காகவே சொல்வேன். அந்த வாயால் ஒருத்தியின் பிழைப்பு போனது. உயிர் போனதற்கும் நான்தான் காரணம் என்பதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

தியாகதுருகத்துக்குப் போகிற ரோடு எங்கள் ஊர் எல்லையில் சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் மாயவன் இருட்டில் அடிபட்டுச் செத்தான். அவனுக்கு முன்னாலும் மூன்று பேர். அவன் பெண்சாதி தைலம்மாள் காரியம் முடிந்த கையோடு மனு எழுத ஆள் பிடித்தாள். பதினோரு திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் திருப்பத்தில் ஆறு விளக்கு வைத்த உயரக் கம்பம் வந்தது. ராத்திரியில் ஊசி விழுந்தால் எடுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். அதற்குப் பிறகு அங்கே யாரும் சாகவில்லை.

கம்பத்துக்கு ஒட்டினாற்போல்தான் அவள் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் வைக்கிற நாற்பது சென்ட். நிலம் அரங்கநாதனுடையது. அவருக்குச் சர்க்கரை, அதனால் மாப்பிள்ளைச் சம்பாவைத் தவிர வேறு நெல் போடக் கூடாது என்பார். அந்த நெல் ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும், பகல் சுருங்கி ராத்திரி நீண்ட பிறகுதான் கதிர் வாங்கும். கோடையில் விதைத்தால் வெறும் புல்தான். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

விளக்கு வந்த வருஷம் அவள் பயிர் நெஞ்சு உயரம் வளர்ந்தது. கார்த்திகை போனது, மார்கழி போனது, ஒரு கதிர் இல்லை. மாட்டுக்கு அறுத்துப் போட்டாள். அன்றைக்கு டீக்கடையில் நான் சொன்னேன்: "பேரே மாப்பிள்ளச் சம்பா. தாலியறுத்தவ கையில எப்பிடிடா வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த நடவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் கை பட்டால் நாற்று மலடாகிவிடும் என்று, அதுவரை கூடவே நடவுக்குப் போய்வந்த பச்சையம்மாள் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

மறு வருஷம் அரங்கநாதன் அவளைக் கூப்பிட்டு, "ஒரு போகம் பொறுத்துக்கினேன். இந்த தபாவும் வைக்கோலத்தான் குடுப்பன்னா வேற ஆள வெச்சிக்கிறேன்" என்றார். அந்த நாற்பது சென்ட்டை விட்டால் அவளுக்கு வேறு நாதி இல்லை. சின்னசேலம் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் செவ்வந்தியை வரவழைத்து அவள் கையால் விதைக்கச் செய்தாள். தான் விதையைத் தொடவேயில்லை. முந்தானைக்குள் கையைச் சுற்றிக்கொண்டு வரப்பில் நின்றாள். அதைப் பார்த்த அன்றே நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கார்த்திகை பாதியில் பிளீச்சிங் பவுடர் போட டேங்க் மேலே ஏறினேன். மேற்கே கல்வராயன் மலை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. கீழே பார்த்தேன். சுற்றிலும் எல்லார் வயலிலும் கதிர் தலை சாய்ந்திருந்தது. கம்பத்தைச் சுற்றி மட்டும் தோசைக்கல் வைத்து வெட்டின மாதிரி ஒரு பச்சை வட்டம். தைலம்மாள் நிலம் மொத்தமும் அதற்குள். வட்டம் அதோடு நிற்கவில்லை. வரப்பைத் தாண்டி, அதே சம்பா போட்டிருந்த பக்கத்து கந்தசாமி வயலிலும் ஒரு மூலையைப் பிடித்திருந்தது. கந்தசாமி விதைத்ததற்கும் தைலம்மாள் கைக்கும் என்ன சம்பந்தம்? நான் தினமும் போடுகிற விளக்குதான் அந்தப் பயிருக்கு ராத்திரியே இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

இறங்கி நேராக அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப, என் கை இல்லியாண்ணே?"

"இல்லம்மா."

அவள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். மாயவன் செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு இருவது நாளு வெளக்க நிறுத்துங்கண்ணே. நெல்லு வந்துச்சின்னா நானே ஊருக்குச் சொல்றேன்" என்றாள்.

"திருப்பத்துல எவனாவது வுழுந்து செத்தா?"

"நான் டார்ச் புடிச்சிக்கினு நிக்கிறேன். விடியக்காலம் கரும்பு வண்டியெல்லாம் போனாப்பறம் வூட்டுக்குப் போறேன். எனுக்குத் தெரியாதாண்ணே அந்தத் திருப்பம்?"

நான் அன்றே கம்பத்து ஃபியூசைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம், விளக்கு ரிப்பேர், சாமான் வரணும் என்றேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறோம் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு வேறு.

பதினெட்டு ராத்திரி அவள் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்தொன்பதாம் நாள் விடியற்காலை மோட்டார் போடப் போன நான்தான் முதலில் பார்த்தேன். சரக்கு வேன் ஒன்று வயலுக்குள் இறங்கி நின்றது. டிரைவர் பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "ஒத்த லைட்டு தெரிஞ்சிதுங்க. பைக்கு வருதுன்னு நெனச்சி இந்தாண்ட ஒடிச்சேன், லைட்டும் இந்தாண்டயே வந்துடிச்சி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இந்தாண்ட தைலம்மாள் கிடந்தாள். டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

போலீஸ் வருவதற்குள் நான் ஃபியூசை மாட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் ஆறு விளக்கும் எரிந்தன. சாமான் ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று ஊரே அங்கலாய்த்தது.

பதினாறாம் நாள் கருமாதி. சடங்கு முடிந்து வந்தவர்கள் வயலோரம் நின்றுவிட்டார்கள். பச்சை வட்டம் முழுக்கக் கதிர் வெளியே வந்திருந்தது. பதினெட்டு இருட்டு ராத்திரி போதுமாயிருந்திருக்கிறது. உள்ளே கரு பிடித்த பிறகு விளக்கால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"பாத்தியாடி," என்றாள் பச்சையம்மாள். "அவ போய்ச் சேந்தாதான் வருவேன்னு நின்னுக்கினு இருந்துகீது."

அரங்கநாதன் கதிரைத் தடவிப் பார்த்துவிட்டு, அறுப்புக்குக் கந்தசாமியை வரச் சொன்னார்.

செவ்வந்தி என்னிடம் வந்தாள். "மாமா, நீங்கதான் தெனம் இங்க வந்து போறவரு. நெசமாவே எங்கம்மா கைதானா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஃபியூசைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை போகும், கேஸ் வரும்.

"எல்லாம் சாமி செயல்மா," என்றேன்.

அவள் புரிந்துவிட்டது போல் தலையாட்டினாள். "அப்ப அவுங்க சொல்றது நெசந்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பெண்களோடு போய் நின்றுகொண்டாள்.

மணி ஆறாகியிருந்தது. நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன்.