மூடியில் ஒரு முகம்

சுதர்ஷினியின் பழைய தோள்பையிலிருந்து புளித்த பருப்பு வாடை வந்தது. மழையில் ஊறி ஊறி உள்துணியில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. எத்தனை தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. அன்று காலை சாப்பாட்டுப் பெட்டி வேறு திறந்துகொண்டு, குழம்பெல்லாம் அவளுடைய வெள்ளை மேலங்கியில் வடிந்திருந்தது. பதுளையில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. மஞ்சள் கறையோடு நாள் முழுக்க நின்றாள்.

அவள் இருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கடைக்கு ஆறு கிலோமீட்டர். காலையில் இறக்கம். மாலையில் பாதி வழி சைக்கிளைத் தள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் பஜாரில் பை விற்கும் ஸாஹிரிடம் போனாள்.

"முதுகுல மாட்டுறது வேணாம் நானா. வேர்த்து சட்டையெல்லாம் ஒட்டிக்குது."

"அப்ப கேரியர்ல கொளுவுற பை எடுங்க தங்கச்சி. பாரம் சைக்கிளுக்குத்தான், ஒங்களுக்கில்ல."

கறுப்புப் பை ஒன்றைக் காட்டினார். வாயை மடித்து மூடினால் தண்ணீர் இறங்காது. கீழ்க் கொக்கி இருப்பதால் சக்கரத்துக்குள் போகாது. சைக்கிளைக் கடை வாசலுக்கே கொண்டுவரச் சொல்லி, மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்றும் பார்த்தார். இடிக்கவில்லை. சம்பளம் வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ஓர் அரசியல்வாதி வந்தார். போன வருடம் மண்சரிவில் தொழிலாளர்களின் லயம் புதைந்தபோதும் வந்தவர்தான். சேற்றில் நின்று, ஆறு மாதத்தில் வீடு என்றார். சுதர்ஷினியின் அம்மாவை மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள். தப்பிய இருபத்திரண்டு குடும்பங்கள் பதினான்கு மாதமாகப் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தில் சாக்குத் திரை கட்டிக் கிடந்தன. இப்போது அவர் வேலைக்குப் போகும் இளையவர்களுக்குச் சைக்கிள் பை கொடுத்தார். கொக்கி, மடிப்பு, தையல் எல்லாம் சரியாக இருந்தன. மூடியில் மட்டும் அவருடைய முகம், பல்லெல்லாம் தெரிய.

"பை நல்ல பைதானே. மாட்டிக்கிட்டுப் போ," என்றார் அப்பா கந்தப்பன்.

திங்கட்கிழமை மாட்டிக்கொண்டு போனாள். மிதிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு கெண்டைக்காலை ஒட்டியே வந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ஒரு கண் அழிந்தது. பற்கள் போகவில்லை. முன்பைவிட அசிங்கமாக இருந்தது.

புதன்கிழமை, கூட வேலை செய்யும் றுஷ்தா போனை நீட்டினாள். "இது நீங்கதானே?"

அரசியல்வாதியின் முகநூல் பக்கத்தில், சுதர்ஷினி குனிந்து பையை மாட்டும் படம். யார் எடுத்ததென்றே தெரியவில்லை. 'மண்சரிவில் தாயை இழந்த யுவதிக்கு மறுவாழ்வு' என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கைதட்டல் குறிகள்.

மதிய இடைவேளையில் அந்த அரசியல்வாதியின் கந்தோருக்குச் சைக்கிளை விட்டாள். வாசலில் நின்று, பையிலிருந்ததையெல்லாம் ஒரு சொப்பிங் பேக்குக்கு மாற்றினாள். உள்ளே காரியதரிசி பிரவீணன் இருந்தான்.

"என்ன தங்கச்சி, பை கிழிஞ்சிருச்சா?"

"கிழியலைங்க. அந்தப் படத்த எடுத்துருங்க."

"நல்லாத்தானே விழுந்திருக்கு? எத்தன பேர் பாத்திருக்காங்க தெரியுமா?"

"எங்கம்மா மண்ணுக்குள்ள கெடந்தப்பவும் படம்தான் புடிச்சீங்க. வீடு கேட்டா பை குடுக்குறீங்க. இதத் தொடவே அருவருப்பா இருக்கு."

பையை அவன் மேசைமேல் வைத்தாள். பிரவீணன் அந்த ஒற்றைக்கண் முகத்தைப் பார்த்து, பேனா முனையால் அதைத் தள்ளினான்.

சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதுவரை சொப்பிங் பேக்கைக் கேரியரில் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு ஸாஹிர் காட்டிய கறுப்புப் பையையே வாங்கினாள். படத்தை அவர்கள் எடுக்கவேயில்லை.

கந்தோருக்குப் போய்வந்த அன்று மாலை, தோட்டத்துப் பாதை திரும்பும் முடக்கில் கந்தப்பன் அவளுக்காகக் காத்து நின்றார்.

"கந்தோர்ல சண்ட போட்டியாமே? போன் வந்துச்சு. வீட்டுப் பட்டியல்ல நம்ம பேர வெட்டிருவாங்களாம்."

"எந்தப் பட்டியல்ப்பா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அவர் பாதையோரக் கானில் காறித் துப்பிவிட்டு, அவள் கையிலிருந்து சைக்கிளை வாங்கி மேட்டில் தள்ளத் தொடங்கினார்.