பங்கு போடாத படகு

நாராயணசாமிக்கு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. மாடு ஒரு வேளை பால் குறைத்துக் கறந்தால்கூடப் பக்கத்து வீட்டைத்தான் முறைப்பார். அப்படிப்பட்டவர் சொந்தத் தம்பியை மட்டும் விட்டுவைப்பாரா?

விவகாரம் ஒரு படகு. புதுச்சேரியில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கடலில் உல்லாசமாகச் சுற்றிவர வைத்திருந்த தேக்குமர மோட்டார் படகு. உள்ளே படுக்க ஓர் அறை, சன்னலுக்குக் கண்ணாடி, ஓரமெல்லாம் பித்தளைக் கைப்பிடி. நாராயணசாமியின் அப்பாதான் அதற்கு டிரைவர். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டியபோது, துரை அதை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவரும் லாரியில் ஏற்றிக் களமருதூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே ஏரியில் முழங்காலளவு தண்ணீர். ஊர் சிரித்தது. படகு மாட்டுக்கொட்டகையில் கிடந்தது; கோழிகள் அதில் முட்டையிட்டன.

அப்பா போனதும் அண்ணனும் தம்பியும் நிலம், கிணறு, மாடு எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். மனக்கசப்பும் ஆளுக்குப் பாதி. படகைப் பிரிக்க முடியாமல் பொதுவில் விட்டார்கள். அதைச் சாக்கிட்டுத்தான் இருவருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இருந்தது.

மலையடிவாரத்தில் அணை கட்டித் தண்ணீர் நின்ற பிறகு, உளுந்தூர்பேட்டையில் லாரிப் பட்டறை வைத்திருந்த தம்பி ஆதிமூலம் வந்தான்.

"ண்ணா, அப்பா படகச் சரி பண்ணி அணையில வுடப்போறேன். ரெண்டு பேருமா ஓட்டலாம்."

"இன்னாத்துக்கு?"

"சும்மாத்தான்."

சும்மா! அந்த ஒரு சொல்லில் நாராயணசாமிக்குத் தூக்கம் போயிற்று. உலகத்தில் எவனாவது சும்மா ஒரு காரியம் செய்வானா?

"அவுரு உங்க தம்பிதானங்க" என்றாள் மனைவி பெரியநாயகி.

"தம்பின்றதாலதான்டி பயமே."

அணைக்கரையில் கொட்டகை போட்டு வேலை தொடங்கியது. ஆதிமூலம் பழைய பெயின்ட்டைச் சுரண்டினான். உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டுப் புதுத் தேக்கு போட்டான். எஞ்சினைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினான். நாராயணசாமி கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி வந்து, துண்டை விரித்து உட்கார்ந்து, அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். டீ வாங்கிக் கொடுத்தால் முதலில் அவன் குடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

ஒருநாள் பிடிபட்டது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழையும் இடுக்கு. அதில் ஆதிமூலம் பஞ்சுத் திரியைத் திணித்து மேலே குங்கிலியப் பிசின் பூசிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, பஞ்சுல தண்ணி நிக்குமா?"

"அப்பா இப்பிடித்தான் பண்ணுவாரு. தண்ணில ஊறுனா பலக உப்பிக்கினு தானா மூடிக்கும்."

நாராயணசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படகு மூழ்கும். 'இது ஒதவாது ண்ணா, உன் பங்க எனக்கு வுட்டுடு' என்பான். வாங்கிய பிறகு ஒழுங்காக அடைத்துத் தான் மட்டும் ஓட்டுவான். இதில் ஏமாற அவர் என்ன நேற்றுப் பிறந்தவரா?

வெயிலில் வண்டிச் சக்கரம் காய்ந்து ஆட்டம் கண்டால், கருவேலங்கட்டையில் மெல்லிய ஆப்புபோலச் சிம்பு சீவி இடுக்கில் இறுக அடிப்பார்கள். களமருதூரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். ஆதிமூலம் பெயின்ட் வாங்கப் போன ஒரு பகலில், நாராயணசாமி படகின் அடிப்பக்கத்துப் பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சிம்புகளை அடித்தார். மேலே குங்கிலியத்தையும் பூசினார்.

"இப்ப முழுவட்டும், பாப்பம்."

கற்பூரம் காட்டிப் படகை இறக்கினார்கள். ஆதிமூலம் அதைக் கரையோரமே கட்டிப்போட்டான். "நல்லா ஊறட்டும் ண்ணா. அப்பறம் அப்பா ஒக்காந்த எடத்துல நீ ஒக்காரு. நான் பக்கத்துல நிக்கறேன், அது போதும்." சொட்டுக்கூடக் கசியவில்லை. சதியை முறியடித்த திருப்தியில் நாராயணசாமி அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் வந்தபோது பித்தளைக் கைப்பிடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

கயிறு போட்டு இழுத்தார்கள். அடிப்பலகைகள் சட்டத்தைவிட்டுப் பிய்த்துக்கொண்டு வெளியே வளைந்து நின்றன. தேக்கு நீளவாக்கில் பிளந்திருந்தது. ஆதிமூலம் பிளவைத் தடவிப் பார்த்தான்.

"பலக உப்பறதுக்கு எடமே இல்ல. அதான் ஆணியப் புடுங்கிக்கினு வந்துட்டுது." இடுக்கிலிருந்து ஒரு சிம்பை உருவினான். "யாரோ வெளயாட்டுக்கு அடிச்சிருக்காங்க. கதவில்லாத கொட்டாயில வுட்டுட்டுப் போனேன் பாரு, என் தப்புதான்." அவன் கண் கலங்கிவிட்டது.

நாராயணசாமி காத்திருந்தார். சிம்பு சீவத் தெரிந்தவர், நாள் தவறாமல் இங்கே உட்கார்ந்திருந்தவர் வேறு யார்? இப்போது கேட்பான், இதோ கேட்பான். அவன் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்டவருக்கு, தம்பி தன்னை ஒரே ஒரு தடவை சந்தேகப்பட மாட்டானா என்று ஏக்கமாக இருந்தது.

"நான்தான்டா அடிச்சேன்."

ஆதிமூலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "சும்மா இரு ண்ணா. நான் அழுவறேன்னு உன் தலைல போட்டுக்கறியா? நீ போயி அப்பா படகுல கைய வெப்பியா?"

நாராயணசாமி மறுபடியும் சொன்னார். அவன் நம்பவே இல்லை.