ஆப்பிள் மல்லிகை சென்ட்

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தேன். வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார், "பைல என்ன வெச்சிருக்க மேகலா? எடு" என்றான். எடுத்தேன். ஆப்பிளும் மல்லிகையும் கலந்த வாசனை, ரோஸ் கலர் பாட்டில். மத்திகிரி ஃபேன்சி ஸ்டோரில் அந்த வாரம்தான் வாங்கினேன். மூன்று தடவைகூட அடித்திருக்க மாட்டேன்.

"சென்ட் போட்டுகினு வந்தா பசங்களுக்கு எங்க வேல ஓடும்? இது என்கிட்டயே இருக்கட்டும்" என்று டிராயரில் போட்டுக்கொண்டான்.

அட பாவி! மயக்கத்தான் வந்தேனா நான்? நான் அடிப்பதே வீட்டுக்குக் கிளம்பும்போதுதான். எங்கள் மெஷினில் இரும்பு சூடேறாமல் இருக்கக் கூலன்ட் பாய்ச்சுவோம். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி இருக்கும். அது தலைமுடிவரை ஏறிவிடும், சோப்புக்கும் போகாது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போன அன்றைக்குத்தான் அந்தப் பாட்டிலை வாங்கினேன்.

வாயை மூடிக்கொண்டு வந்தேன். இரண்டு வருஷம் கான்ட்ராக்டில் கால்கடுக்க நின்றவள் நான். அந்த மாசம் நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஒரே ஒரு மெமோ போதும், பெயரை அடித்துவிடுவார்கள்.

அந்தக் கூலன்ட் மூன்று வாரமாகவே கெட்டுப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றால் தொட்டியிலேயே புளித்து, திங்கட்கிழமை அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வடித்துவிட்டுத் தொட்டியைக் கழுவ வேண்டும். அரை ஷிஃப்ட் போய்விடும் என்று ஹரீஷ்குமார் கழுவ விடவில்லை. பக்கத்து மெஷின் மாதேஸ்வரிக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்துப் புண். காட்டினால், "தேங்கா எண்ண தடவு" என்பான்.

திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததுமே எனக்குக் குமட்டியது. அழுகிய முட்டைமேல் ஜாம் தடவின மாதிரி ஒரு வாடை. அன்றைக்குப் பார்த்து பெங்களூரிலிருந்து கஸ்டமர் வந்திருந்தார். மேனேஜர் அவரை எங்கள் லைனுக்குக் கூட்டி வந்தார். வந்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, "ஏன்ரீ இது வாசனெ?" என்று கன்னடத்தில் கேட்டார், என்ன நாற்றம் இது என்று.

ஹரீஷ்குமார் என்னைக் கை காட்டினான். "இந்தம்மா சென்ட் அடிச்சிகினு வர்றாங்க சார். வெள்ளிக்கிழமையே சொன்னேன், கேக்கல. இப்பவே மெமோ குடுக்கறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான்! எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. பட்டியலாவது, பெயராவது!

"என் சென்ட்ட வெள்ளிக்கிழமையே நீங்கதான பிடுங்கி வெச்சீங்க?" என்றேன். அவன் பார்வை மேஜைக்கு ஓடியது. நான் போய் டிராயரை இழுத்தேன். என் பாட்டில் சொட்டுகூட இல்லாமல் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, என் மெஷின் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். அழுகலும் ஆப்பிளும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கஸ்டமர் இரண்டடி பின்னால் போனார்.

"நாத்தத்த மறைக்க என் சென்ட்ட ஊத்திட்டு எனக்கே மெமோவா? நான் என்ன இளிச்சவாச்சியா?"

மத்தியானத்துக்குள் எல்லாத் தொட்டியும் கழுவியாகிவிட்டது. கஸ்டமர் போனபிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஹரீஷ்குமார் எழுதி வைத்திருந்த மெமோவை என் கண் முன்னாலேயே கிழித்தார்.

"இருந்தாலும் மேகலா, வெளியாளு முன்னாடி மூடியத் தொறந்திருக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துரு. பர்மனென்ட் ஆர்டர் இந்த மாசமே வந்துரும்."

நான் வெளியே போய் மாதேஸ்வரியை இழுத்து வந்து, அவள் இரண்டு கையையும் அவர் மேஜைமேல் வைத்தேன்.

"மூணு வாரமா இந்தக் கை கேட்டுகினு இருக்குது சார், தொட்டியக் கழுவுங்கன்னு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அந்தக் கஸ்டமரு மூக்கப் பொத்துனதும் கழுவிட்டீங்க. மன்னிப்பு லெட்டர்னா, மொதல்ல நீங்க இவளுக்கு எழுதுங்க."

மாதேஸ்வரி கையை இழுக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. லெட்டர் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

மாசக் கடைசியில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் தொட்டி கழுவுகிறார்கள், மாதேஸ்வரியின் விரல் புண் ஆறிவிட்டது. அதே சென்ட்டை மறுபடியும் வாங்கினேன். ஷிஃப்ட் முடிந்ததும் ஹரீஷ்குமாரின் மேஜைக்கு முன்னால் நின்றுதான் அடித்துக்கொள்கிறேன்.